அட்டவணையில் 20 டிகிரி, நம் குழாயில் 29

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டம் பாறைகளிலும் மாத்தூர் தொட்டிப் பாலத்தடியிலும் கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்த்துப் படமெடுக்கும் இளைஞர்களை இப்போது காண முடிகிறது. யாஷிகா, ரோலிகார்ட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள்; சிலர் கையில் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த ஆக்ஃபா கிளிக் 3. எல்லாம் 120 ரோல், அதாவது பின்காகிதத்தோடு சுற்றி வரும் அகலமான ஃபிலிம், போடுபவை. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் 12 படம் கிடைக்கும். கறுப்பு வெள்ளை என்றால் பலர் வீட்டிலேயே கழுவுகிறார்கள். இரண்டு ரோல் கெட்டதும் கேமராவைக் குறை சொல்லி மூட்டை கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை கேமராவில் இல்லை. கழுவும் நேரத்துக்கு அவர்கள் பார்க்கும் அட்டவணை 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டது. குமரி மாவட்டத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 29 டிகிரியில் வருகிறது, வெயிலேறினால் அதற்கும் மேலே.

இந்த ஒன்பது டிகிரி என்ன செய்யும்? இல்ஃபோர்டு எச்.பி.5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு, படத்தைத் தெரியவைக்கும் கரைசலான டி-76 டெவலப்பரை நீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 29 டிகிரியில் அதே வேலை மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் டெவலப்பர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வேலை செய்யாது; ஊற்றி முடிப்பதற்குள்ளேயே ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். 35 மில்லிமீட்டரில் இது கண்ணில் படாமல் போகலாம். 120-இல் வானமும் கடலும் அகலமாக விழுவதால் திட்டுத் திட்டாகத் தெரியும். போதாததற்கு, வெதுவெதுப்பான கரைசலில் ஃபிலிமின் மேல்பூச்சான ஜெலட்டின் ஊறிப் பஞ்சுபோல் ஆகிவிடும், நகம் பட்டாலே கீறும்.

இதற்கு வழி உண்டு. டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்து, 24 டிகிரியில் கழுவுங்கள். 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது 24-இல் ஏழரை நிமிடம் அளவுக்கு வரும். ஒரு 120 ரோலுக்கு 500 மில்லி வேண்டும்: 250 மில்லி டெவலப்பர், 250 மில்லி தண்ணீர். ஒரு முறை பயன்படுத்தியதைக் கொட்டிவிட வேண்டும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் ஐஸும் போட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் பாட்டில்களையும் முதல் அலசலுக்கான தண்ணீரையும் அதிலேயே சேர்த்து நிறுத்துங்கள். டெவலப்பரை மட்டும் குளிர்வித்து மற்றவற்றை 29-இல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டெவலப்பரை ஊற்றியதும் முதல் 10 விநாடியில், ஃபிலிம் இருக்கும் மூடிய டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிய இடம் கழுவப்படாமல் வட்டமாக நிற்கும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை.

டேங்குக்கு முந்திய கட்டத்தில் கெடுப்பது வியர்வை. ஒளி புகாத கறுப்புப் பைக்குள் கை விட்டு, ஃபிலிமை ரீலில் சுற்றப் பத்து நிமிடம் போராடினால் உள்ளே காற்று ஈரமாகிவிடும். பிளாஸ்டிக் ரீலில் ஈரம் இருந்தால் அகலமான 120 ஃபிலிம் பாதியில் பிடித்துக்கொள்ளும். மேலும் தள்ளினால் மடங்கி, நெகட்டிவில் பிறை வடிவக் கோடு விழும். இரவில், ஜன்னலை அடைத்த இருட்டறையில், மின்விசிறியை ஓடவிட்டுச் சுற்றுவது இதைவிட நல்லது. காகிதத்தோடு ஃபிலிமை ஒட்டிய டேப்பை மெதுவாக உரித்து, அதை ஃபிலிம் முனைமேலேயே மடித்து ஒட்டி, அந்த விறைப்பான முனையை முதலில் ரீலுக்குள் கொடுங்கள். வழுக்கிக்கொண்டு போகும்.

ஃபிக்ஸருக்கு ஹைப்போ படிகம் வாங்குவோர் கவனிக்க: லிட்டருக்கு 250 கிராம் கரைக்கும்போது பாத்திரமே சில்லிட்டுப் போகும், ஆகவே வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். வீணான ஃபிலிம் துண்டு ஒன்றைப் போட்டு, அது தெளியும் நேரத்தைப் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸரில் விட்டால் போதும்.

கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் அலசி அப்படியே காயவிட்டால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் படியும், ஸ்கேன் செய்த பிறகு ஒவ்வொன்றாக அழித்து மாளாது. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி, அதில், நீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஓரிரு சொட்டு விட்டுக் கடைசியாக ஒரு நிமிடம் முக்குங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் ஃபிலிம் காய நான்கைந்து மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

எடுக்கும்போது கவனிக்க இரண்டு செய்தி. கிளிக் 3-இன் பின்பக்கச் சிவப்பு ஜன்னல், சிவப்பு ஒளி உறைக்காத பழைய ஃபிலிம்களை நம்பி வந்த ஏற்பாடு. இன்றைய ஃபிலிம் சிவப்பையும் பதிவு செய்யும். எனவே கறுப்பு டேப் ஒட்டி, ரோலை நகர்த்தும்போது மட்டும் நிழலில் திறந்து எண்ணைப் பாருங்கள். அடுத்தது, எடுத்து முடித்த ரோலை ஸ்கூட்டர் பெட்டியில் வாரக்கணக்கில் விடாதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் பின்காகிதத்தின் எண்களும் புள்ளிகளும் படத்தின்மேலேயே பதிந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த புது ரோலானால் வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது கழித்தே உறையைப் பிரிக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு, 56 மில்லிமீட்டர் சதுரத்தை 2400 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) எடுத்தாலே பக்கத்துக்கு 5300 பிக்சல் அளவில் வரும். 17 அங்குலச் சதுரத்துக்கு அச்சிடலாம். சாதாரண தட்டை ஸ்கேனரில் 6400 என்று வைத்தால் கோப்புதான் பெருக்கும். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கறுப்பு வெள்ளைக்கு அணைத்துவிடுங்கள்; ஃபிலிமிலுள்ள வெள்ளியையே தூசியென்று எடுத்துக்கொண்டு படத்தைச் சிதைக்கும். வானவில் வளையங்கள் தெரிந்தால் ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொடுகிறது என்று பொருள். திருப்பி, மங்கலான பக்கத்தைக் கண்ணாடி பக்கம் வைத்து, கணினியில் இடவலம் மாற்றிக்கொள்ளலாம்.

மூடிய ஸ்டூடியோக்களின் பழைய 120 நெகட்டிவ்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் அந்த ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. நம் சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், அந்த ஆவி பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும். வாடையுள்ளவற்றைத் தனியே பிரித்துவைத்து, அவை சுருங்கி வளையும் முன் முதலில் அவற்றையே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.