கருடனைப் பிணந்தின்னி ஆக்கிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் கல்லடிப் பாலத்தடியில் எடுத்த படமொன்று வந்திருந்தது. கீழே 'மீனுக்குக் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு' என்று போட்டிருந்தீர்கள். அது செம்பருந்து. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மற்றதெல்லாம் செங்காவி. வாவிக்கரையில் வலை உதறும்போது காகத்தோடு போட்டிக்கு வருவது அதுதான். கும்பாபிஷேகத்தில் 'கருடன் வட்டமிடுது' என்று நாம் அண்ணாந்து கும்பிடுவதும் இதே பறவையைத்தான்!

பிணந்தின்னிக் கழுகுக்குப் பாறு என்றும் பெயர். மட்டக்களப்பில் மட்டுமல்ல, இலங்கையில் எங்குமே அது கூடுகட்டி வாழ்வதில்லை. இங்கே பட்டியில் மாடு செத்தால் நாயும் காகமும்தான்.

நான் அதைக் கண்டது 1979இல், அம்மாவோடு திருக்கழுக்குன்றம் போனபோது. உச்சிவேளை. குருக்கள் பொங்கலோடு மலைப்பாறையில் காத்திருந்தார். இரண்டு வந்து இறங்கின. பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். ஒரு நல்ல சேவலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அழுக்கு வெள்ளை உடம்பு, சிறகோரம் கறுப்பு. முகத்தில் இறகே இல்லை, மஞ்சள் அரைத்துப் பூசின மாதிரி. கோழிநடை நடந்து வந்து தின்றுவிட்டுப் பறந்தன. மஞ்சள்முகப் பாறு அது. 1990களோடு அங்கே அந்த வரவும் நின்றுபோனது.

அதன் இனத்தானான வெண்முதுகுப் பாறு இன்னும் பெரிது, சிறகு விரித்தால் 6 அடிக்கு மேல். தலையும் கழுத்தும் ஏறக்குறைய மொட்டை. பிணத்துக்குள் தலையை விட்டுத் தின்னும் பறவைக்கு அங்கே இறகு அடர்ந்திருந்தால் நிணம் ஒட்டி நாறும். காலில் வலு குறைவு, பருந்துபோல் இரையை அடித்துத் தூக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதனால், விழுந்தால் எழும்புவது கடினம்.

விழவும் செய்தது. இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கு மேல் 15 ஆண்டுகளில் அழிந்தன. என் முழங்கால் நோவுக்கு டொக்டர் எழுதித் தருகிற அதே டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம். நோய்ப்பட்ட மாட்டுக்கு அந்த ஊசியைப் போடுவார்கள். மாடு செத்தால் அதைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் சாவு. 2006இல் மாடுகளுக்கு அதைக் கொடுக்க இந்தியா தடை போட்டது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். படம் அருமை, எடுத்த தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.