வெட்சூட் அளவு: கோபன்ஹேகன் போகிறவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் கோபன்ஹேகன் அயர்ன்மேனுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பெயர் கொடுத்தவர்கள் வெட்சூட், அதாவது குளிர்ந்த நீரில் நீந்தப் போடும் இறுக்கமான ரப்பர் உடை, வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னைக் கடலின் சூட்டுக்கு நமக்கு அது தேவையே இல்லை. அதனால் நம்மில் பலருக்கு இதுதான் முதல் முறை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ‘ஐயோ, மூச்சு முட்டுதே’ என்று தோன்றும். பயப்படாதீர்கள். வெட்சூட் தைக்கும் ரப்பரான நியோப்ரீன் தண்ணீரில் கொஞ்சம் தளரும். உலர்ந்த உடம்பில் சௌகரியமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அது பெரிய சைஸ். இடுப்புக்குப் பின்னால் துணியைக் கொத்தாகப் பிடிக்க முடிந்தாலும் அப்படித்தான், அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும்.

என் முதல் வெட்சூட்டில் கழுத்து நெரித்தது. சைஸ் தப்பு என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். தப்பு என்னுடையது: கால்பகுதியை முழுசாக மேலே ஏற்றாமல் ஜிப் போட்டிருந்தேன். கவட்டையில் இடைவெளி இருந்தால் தோளும் கழுத்தும் கீழே இழுபடும். காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் கவட்டை, அக்குள் இரண்டும் ஒட்டும்வரை விரல் நுனிச் சதையால் மேலே நகர்த்துங்கள். நகம் பட்டால் கிழியும். பிறகு கையைத் தூக்கி நீச்சல் வீச்சு வீசிப் பாருங்கள், தோள் இழுக்கக் கூடாது.

விதிப்படி தடிமன் 5 மி.மீ. தாண்டக் கூடாது. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் வெட்சூட் போட்டு நீந்தினாலும் வயதுப் பிரிவுப் பரிசு கிடையாது.

கழுத்துக்கு வாசலின் வேண்டாம், நியோப்ரீனுக்கு ஆகாது. சைஸ் சந்தேகம் இருந்தால் உயரம், எடை, மார்புச் சுற்றளவு மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.