ஆடியில் விதைக்கச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுத்தோட்டப் பகுதியில் ஒரு வரி: "உப்புக் காற்றடிக்கும் ராமநாதபுரம் கடலோரத்தில் சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் தழைக்காது, அங்குள்ளவர்கள் தொட்டியில் செம்மண் நிரப்பி ரோஜா வளர்க்கலாம்." படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். வடைக்கு எண்ணெய் வடிக்கக்கூட அதை எடுக்க மனம் வரவில்லை.

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். மாமியார் காலத்திலிருந்து மல்லிகை நாற்றுப் போடுகிற குடும்பம். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீங்களும் பெரிதாகப் போட்டீர்கள். சந்தோஷம். அந்தப் பூவுக்கான நாற்று எங்கள் தீவு மணலிலிருந்து கட்டுக்கட்டாகப் போகிறது என்பது தாங்கள் அறியாததா? இருந்தாலும் உங்கள் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். கிளையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி மணல் பாத்தியில் நெருக்கி நடுவோம். அவர் சொல்லும் செம்மண்ணில் தண்ணீர் கட்டினால் குச்சி அழுகிவிடும். மணலில் தண்ணீர் நிற்காமல் இறங்கும், வேர் தாராளமாக ஓடும். பிடுங்கும்போது லேசாக உதறினால் போதும், மணல் உதிர்ந்து வேர் அறுபடாமல் வரும். தண்ணீர் மட்டும் ஊற்றுக்குழியில் குடத்தால் மொண்டுதான் ஊற்ற வேண்டும். ஆசைப்பட்டுக் குழியை ஆழமாக்கினால் உப்பு ஏறிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் இடுப்பைக் கேட்டால் அதுவே சொல்லும்.

சீமைக்கருவேலமும் எங்கள் மரம் இல்லை ஐயா, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. எங்கள் மரம் பனை.

எழுத உட்கார்ந்தாயிற்று, பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் இதே பகுதியில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று போட்டு வெண்டையும் கொத்தவரையும் விதைக்கச் சொன்னீர்கள். பேப்பரில் வந்ததை நம்பி நானும் விதைத்தேன். அம்மியே பறக்கிற காற்றில் வெண்டை நிற்குமா? முளைத்த நாலு இலையையும் மணல் மூடிவிட்டது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். முண்டு மிளகாய்க்காரர்கள் அந்த மழையை நம்பிப் புரட்டாசியில் விதைத்து, தைக்கு மேல் பழம் பறிக்கிறார்கள். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்குமே, அந்த மிளகாய். அதற்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றும் தழைக்காத ஊருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அப்புறம் அந்தப் படம். கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்த அடப்பங்கொடியைப் போட்டு, கீழே "காட்டு மல்லி" என்று எழுதியிருந்தீர்கள். சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடிய கொடி அது. ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலையைப் பார்த்தே எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அன்றே ஒரு தபால் அட்டை போட்டேன். பதில் இல்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

நகைச்சுவைத் துணுக்குகளில் வருஷம் தவறாமல் ஒரு அதிகாரியைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுகிறீர்கள். அந்தக் காட்டில்தான் குச்சி நட்டு விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். மூத்தவன் அந்தத் துணுக்கைப் படித்துச் சிரித்தான், அது வேறு எரிச்சல்.

மறுப்பு, வருத்தம் எதுவும் போட வேண்டாம். அடுத்த ஆடியில் விதைக்கச் சொல்லும்போது "ராமநாதபுரம் கடலோரத்தார் புரட்டாசி வரை பொறுக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இடம் போதாவிட்டால் ரோஜாப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி,
தங்கச்சிமடம்.