எந்தக் கிருஷ்ணன்? வினாடி வினாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் நாள் வினாடி வினாப் போட்டியை நடத்தும் குழுவின் தலைவருக்கும், நடுவர்களுக்கும், கேள்வித்தாள் தயாரித்த பெருமக்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்ச்சில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு கடிதங்களில் எழுதியும் இருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு அச்சடித்த அட்டை ஒன்று வந்தது: ‘விதி 11இன்படி நடுவரின் தீர்ப்பே இறுதியானது.’ பெறுநர் பெயர் எழுத வேண்டிய புள்ளிக்கோட்டைக்கூட யாரும் நிரப்பவில்லை. ஆகவே இந்த மூன்றாவது கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ‘ராமன் விளைவைக் கண்டறிந்தவர் யார்?’ என்ற கேள்விக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதிய விடை சரி என்று ஒரு வரி எழுதி, அவள் பெயருக்கு அனுப்புங்கள். கேடயம் வேண்டாம். பரிசுத் தொகை வேண்டாம். வென்றவர்களிடமிருந்து எதையும் திரும்ப வாங்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள்.

அவள் உயர்த்திப் பிடித்த அட்டையில் இருந்தது இதுதான்: ‘சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன்.’ உங்கள் தொகுப்பாளர் அதை ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டு, “கிருஷ்ணனா? எந்தக் கிருஷ்ணன்?” என்றார். அரங்கம் சிரித்தது. அவர் நகைச்சுவைக்காகத்தான் சொல்லியிருப்பார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, “விடைக்குறிப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது, மன்னிக்கவும்” என்று சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவள் அட்டையைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்தபடியே நின்றாள். பக்கத்தில் இருந்த பையன்தான் கையைப் பிடித்து இறக்கினான்.

எந்தக் கிருஷ்ணன் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல விடவில்லை. நான் சொல்கிறேன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தவர். எங்கள் மாணவியின் ஊரும் வத்திராயிருப்புதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். சதுரகிரிக்குப் போகிறவர்கள் கடந்து போகிற ஊர். மற்றவர்களுக்குப் பிளவக்கல் அணை என்றால் தெரியும். கிருஷ்ணன் அங்கிருந்து திருவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கும், பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், சென்னை கிறித்தவக் கல்லூரிக்கும் போய்ப் படித்து, கடைசியில் கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்துக்கு, ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் அங்கே நடந்ததைக் கிருஷ்ணன் நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். ஆய்வாளன் சோதனைகளோடு தொடர்பில்லாமல் நெடுநாள் இருப்பது நல்லதல்ல என்று பேராசிரியர் ராமன் சொல்ல, கிருஷ்ணன் கணக்குகளை ஒதுக்கிவிட்டு இருட்டறைக்குள் இறங்குகிறார். செய்முறை எளியது. சூரிய ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்த வேண்டும். பக்கவாட்டில் சிதறி வரும் ஒளியை மஞ்சள் பச்சை வடிகட்டி வழியாகப் பார்க்க வேண்டும். முதல் கண்ணாடி விட்ட நிறத்தை இரண்டாவது கண்ணாடி தடுத்துவிடும் என்பதால் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஒரு தடம் தெரிந்தது. ஒளி திரவத்துக்குள் போய் வரும் வழியில் நிறம் மாறியிருந்தது. இதைத்தான் ராமன் விளைவு என்கிறோம்.

பிப்ரவரி 7ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்து, கிருஷ்ணனும் சக ஆய்வாளர் வெங்கடேஸ்வரனும் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 9 மணி வாக்கில் வாசலில் ராமனின் குரல். இறங்கிப் போனால் மனிதர் நிலைகொள்ளாமல் நிற்கிறார். காலையில் பார்த்தது நாம் இத்தனை நாள் தேடியதேதான் என்கிறார். கால் மணி நேரத்துக்கு மேல் வீட்டு வாசலிலேயே நின்று பேசுகிறார்கள். ஒரு பேராசிரியர் இரவில் மாணவன் வீட்டு வாசலுக்கு வந்து, ‘நாம் பார்த்தது’ என்று சொல்கிறார். அந்த ‘நாம்’ உங்கள் விடைக்குறிப்பில் இல்லை.

நாம் கொண்டாடும் பிப்ரவரி 28க்கு வருகிறேன். முந்தைய நாள் வீட்டில் சடங்கு என்று கிருஷ்ணன் ஆய்வுக்கூடத்துக்கே போகவில்லை. 28ஆம் தேதியும் மதியத்துக்கு மேல்தான் போனார். நீல ஊதா வடிகட்டியோடு யுரேனியம் கண்ணாடியையும் சேர்த்து வைத்து, உள்ளே போகும் ஒளியின் நிற வீச்சைக் குறுக்கி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே போன ஒளிக்கும் மாறி வந்த ஒளிக்கும் நடுவே ஓர் இருண்ட பட்டை தெரிந்தது. இந்தப் பகுதி முழுவதையும் கிருஷ்ணன் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறார். அந்த மதியத்தை நினைவுகூரத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறோம். உங்கள் போட்டியும் அதற்காகத்தான். அறையில் இருந்தவர்களில் ஒருவர் பெயரை எழுதியதற்கு, அதே நாளின் பெயரால் நடந்த போட்டியில் ஒரு பெண் மதிப்பெண் இழந்தாள்.

நாட்குறிப்பு சொந்தக் கதை என்பீர்களானால், அச்சில் வந்ததைப் பாருங்கள். ‘நேச்சர்’ இதழின் 1928 மார்ச் 31 வெளியீட்டில் ‘புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு குறிப்பு வந்தது. சுமார் 60 திரவங்களைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்லும் அந்தக் குறிப்பின் அடியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். உங்கள் மேடையில் அவள் பிடித்த அட்டையில் இருந்தவையும் அதே பெயர்கள், அதே வரிசையில்.

உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். “நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தானே சார்?” என்றார் எடுத்தவர். ஆமாம், 1930இல் ராமனுக்கு மட்டும்தான். அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்ற விளக்கத்தை ஏற்க மறுத்தவர் ராமன். அதற்கு முன்பே நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டு, அலுவலகம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர் ராமன். ஏழு ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் துரத்தியவரும் அவர்தான். கிருஷ்ணன் உரிமை கேட்டுச் சண்டை போட்டதும் இல்லை. ராமனோ கண்டுபிடிப்பை அறிவித்த பெங்களூர் உரையிலேயே கிருஷ்ணனின் ஒத்துழைப்பை நன்றியோடு சொன்னார். நோபல் உரையிலும் அவர் பெயரைச் சொன்னார். ராமனுக்கே இல்லாத தயக்கம் உங்கள் விடைக்குறிப்புக்கு ஏன்?

‘ராமன் விளைவுக்கு நோபல் பரிசு பெற்றவர் யார்?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் அவள் ஒரு பெயர்தான் எழுதியிருப்பாள். நீங்கள் கேட்டது கண்டறிந்தவர் யார் என்று. பரிசு வாங்கியவரும் கண்டறிந்தவரும் எப்போதும் ஒருவரே என்று நினைக்கிற இடத்தில்தான் கோளாறு. பரிசே அளவுகோல் என்றாலும் கிருஷ்ணன் ஒன்றும் வெறுங்கையோடு போனவர் அல்ல. 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954இல் பத்மபூஷண். இந்திய அறிவியலாளர்களுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான். பட்நாகர் பரிசு பற்றி உங்கள் போட்டியில் இரண்டு கேள்விகள் வந்தன, இது வரவில்லை.

திரும்பி வந்த பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரவு பஸ். நால்வரில் மூவர் தூங்கிவிட்டார்கள். அவள் மட்டும் ஜன்னலோர இருக்கையில் குறிப்பேட்டைப் பிரித்து வைத்திருந்தாள். நூலகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து, பரிசு பெற்றவர்களின் வாழ்க்கையை ஆளுக்கு ஒரு பக்கம் வீதம் எழுதிய குறிப்பேடு அது. கிருஷ்ணன் பக்கத்தில், ‘எங்கள் ஊர்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டம் போட்டிருந்தாள். “ஐயா, நூலகப் புத்தகத்தில் தப்பாக இருக்குமா?” என்று கேட்டாள். இருக்காது என்றேன். “அப்புறம் ஏன் தப்பு என்றார்கள்?” என்றாள். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். நடத்துநர் விளக்கை அணைத்துவிட்டார் என்ற சாக்கில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. ஆத்திரத்தில் கிறுக்கிய கோடு அல்ல. அளவுகோல் வைத்து, பென்சிலால் நேராகப் போட்ட கோடு. விடை தப்பென்றால் அடித்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அந்தக் கோட்டை நான் அழிக்கச் சொன்னால் அழிப்பாள், சார் சொன்னதற்காக. நீங்கள் சொன்னால்தான் அது சரியான விடை என்று நம்புவாள். அதற்காகத்தான் அந்த ஒரு வரியைக் கேட்கிறேன்.

இதை எழுதும்போதே உங்கள் மற்றக் கேள்விகளும் நினைவுக்கு வருகின்றன. ‘சுப்பிரமணியன் சந்திரசேகர், சி.வி. ராமனுக்கு என்ன உறவு?’ அண்ணன் மகன், பத்து மதிப்பெண். பத்தொன்பது வயதில், 1930இல், இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் உட்கார்ந்து விண்மீன்களின் முடிவைக் கணக்குப் போட்டவர் அவர். 1935இல் லண்டனில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அந்தக் கணக்கைச் சபை நடுவே எள்ளி நகையாடினார். அதற்குப் பிறகும் கசந்து போகாமல் துறை துறையாக உழைத்து, 1983இல் நோபல் பரிசு வாங்கியவரிடம் நாம் கேட்பது, உனக்கு ராமன் என்ன முறை வேண்டும் என்று! கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிற கேள்வி. அடுத்த ஆண்டு ராமனின் தலைப்பாகை எத்தனை முழம் என்று கேட்டுவிடலாம். விடை ஒன்றுதான் வரும், தகராறு இருக்காது.

இலக்கியச் சுற்றில் இன்னும் ஒரு படி மேலே போனீர்கள். ‘ஜெயகாந்தனுக்கு ஞானபீட விருது பெற்றுத் தந்த நாவல் எது?’ விடைக்குறிப்பின்படி ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. ஐயா, அந்த நாவலுக்குக் கிடைத்தது 1972இன் சாகித்திய அகாதெமி விருது. ஞானபீடம் ஒரே நூலுக்குத் தரப்பட்டதெல்லாம் 1982க்கு முந்தைய கதை. அகிலனுக்கு 1975ஆம் ஆண்டுக்கான விருது ‘சித்திரப்பாவை’க்காக என்றால் சரி. ஜெயகாந்தனுக்கு 2002ஆம் ஆண்டுக்கான விருது எந்த நாவலுக்காகவும் அல்ல, மொத்த எழுத்துக்காக. அப்படி ஒரு நாவலே இல்லாத கேள்விக்கு விடை சொன்ன அணிக்கு முழு மதிப்பெண் விழுந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பையன், கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து, தமிழின் உச்சத்துக்குப் போன கதையைக் கேட்டிருந்தால், அரங்கில் இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பையனின் சூழ்நிலை புதிதல்ல. ஆண்டும் விருதும் நூலும் மூன்று கட்டத்தில் அடங்கினால் போதும் என்று இருக்கிறோம். அதையாவது சரியாக அடைக்கக் கூடாதா?

எழுத வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி தயாரிப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியும். நானும் தப்பான கேள்விகள் போட்டிருக்கிறேன். ஒருமுறை, ஐன்ஸ்டீன் சார்பியலுக்காக நோபல் பெற்றார் என்று விடைத்தாள்களில் சரி போட்டு வந்து, பிறகு ஒரு மாணவன் ஒளிமின் விளைவு என்று காட்டியதும், மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திருத்திச் சொன்னேன். என் மரியாதை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அந்தப் பையன்தான் ஒரு வாரம் தலைகால் தெரியாமல் திரிந்தான்.

ஆகவே, மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அவள் விடை சரி என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டுக் கேள்வித் தொகுப்பிலும் அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள். விதி 11 அப்படியே இருக்கட்டும். தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. அச்சடித்த அட்டையாக மட்டும் இருக்க வேண்டாம். கையால் எழுதி, அவள் பெயரைப் புள்ளிக்கோட்டில் நிரப்பி அனுப்பினால் போதும்.

பள்ளி முகவரியும் அவள் பெயரும் உங்கள் பதிவுப் படிவத்தில் இருக்கின்றன. ஜூன் முதல் வாரத்துக்குள் வந்தால் நல்லது. பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அந்த அணியை அழைத்து வந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்