மோட்டார் சாணையில் கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய பொருள்களைப் பற்றிய பகுதியில் மடக்குக் கத்தி பற்றி எழுதியிருந்தீர்கள். தாத்தாக்களின் இடுப்பிலிருந்து மறைந்துபோன பொருள் என்று தலைப்பு. படித்ததும் மடியிலிருந்த சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, நாலு பஸ் டிக்கெட், அதற்கும் அடியில் என் மாமனாரின் மடக்குக் கத்தி. தாத்தாக்களின் இடுப்பைத் தேடிய உங்கள் நிருபர் பாட்டிகளின் பையைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

அது போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது கட்டுரையின் கடைசியில் இருந்த ஒரு யோசனைக்காக. மழுங்கிய பழைய கத்தியை மோட்டார் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் புதிதாகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை அடுத்த வாரமே திருத்திப் போடுங்கள். அப்படிக் கொடுத்துப் பட்டவள் நான்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். வயது 63. சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது 22 வெள்ளாடும் இரண்டு மாடும் அவை மேய்கிற நாலு ஏக்கர் கொறங்காடும்தான் என் ஆபீஸ்.

இந்தக் கத்தி 1974 சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வாங்கியது. ஒரு ஜோடி காளை பிடிக்கப் போன மாமனார் விலை படியாமல் திரும்பிவிட்டார். சாட்டை, சலங்கை, மூக்கணாங்கயிறு விற்கிற கடையில் இதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாராம். "காளை வாங்கப் போயிட்டுக் கத்தி வாங்கிட்டு வந்த மனுசன்" என்று மாமியார் கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டுவார். அலகு மூன்று அங்குலம். எவர்சில்வர் இல்லை, துருப்பிடிக்கிற எஃகு. பிடி எருமைக் கொம்பு, தலைமாட்டில் பித்தளைப் பூண், முதுகில் ஒரு வில்லுப்பட்டை. திறந்தாலும் மடக்கினாலும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே ஆடுகள் திரும்பிப் பார்க்கும், வாழைப்பழம் நறுக்கப் போகிறேன் என்று.

ஒரு நாளைக்கு எத்தனை வேலை அதற்கு! சாக்குத் தைத்த நூல் அறுக்க, பாக்குச் சீவ, செருப்பில் ஏறின வேலாமுள்ளைக் கிண்ட, மழைக் காலத்தில் ஆட்டுக் குளம்பு வளர்ந்து மடங்கிப் போனால் சீவிவிட. குட்டி ஈன்றால் தொப்புள் கொடியை நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்குக் கீழே அறுத்து அயோடின் தொட்டு வைக்கிறதும் இதே கத்திதான். அதற்கு முன்னால் அலகைக் கொதிதண்ணீரில் காட்டி எடுப்பேன். அலகை மட்டும்தான், கொம்புப் பிடி கொதிதண்ணீரில் பட்டால் இளகி முறுக்கிக்கொள்ளும்.

நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில், வண்டியில் மோட்டார் கட்டிக்கொண்டு சாணை பிடிக்கிறவர் ஒருவர் தெருவுக்கு வந்தார். அரிவாள்மனை, வெட்டுக்கத்தியெல்லாம் கொடுத்தார்கள். நானும் மடக்குக் கத்தியை நீட்டினேன். பொறி பறந்தது. இரண்டு நிமிடம், முப்பது ரூபாய். கண்ணாடி மாதிரி பளபளத்தது. பேப்பரைக் காற்றில் பிடித்து இழுத்தால் இரண்டாய்ப் போயிற்று. நுனிப் பக்கம் மட்டும் புறாக் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் பொழுதோட, வெள்வேல மரத்தில் கட்டியிருந்த செவலைக் கிடாரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு கழுத்தை இறுக்கி, முன்னங்காலை மடக்கி விழுந்து கிடந்தது. நாக்கு வெளியே. நைலான் கயிறு, முடிச்சு இறுகி விரல் நுழையவில்லை. கத்தியைத் திறந்து கயிற்றில் வைத்து இழுத்தேன். முதல் இழுப்புக்கு நாலு இழை தெறித்தது. இரண்டாவதற்கு வழுக்கிற்று. மூன்றாவதற்கு நைலான் மேலே கரண்டியால் தேய்க்கிற மாதிரி ஓடிற்று. மருமகள் சத்தம் கேட்டுக் களத்திலிருந்து அரிவாளோடு ஓடி வந்தாள். "நகருங்க அத்தை!" என்று ஒரே வெட்டு. கிடாரி பிழைத்தது. கழுத்தில் அந்தத் தழும்பில் இன்றைக்கும் மயிர் முளைக்கவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் கத்தியைப் பார்த்தேன். கூர் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது, பழைய ஈயப் பாத்திரத்து விளிம்பு மாதிரி.

மறுநாள் வெள்ளகோவில் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டு போனேன். எண்பது வயசுக்காரர், பட்டறையை மூடி ரொம்ப நாளாயிற்று. கத்தியைக் கையில் வாங்கவில்லை. கட்டில் மேல் வைக்கச் சொல்லித்தான் எடுத்தார், கத்தியைக் கைக்குக் கை மாற்றக் கூடாதல்லவா. ஒரு சின்ன அரத்தை எடுத்து நுனியில் லேசாக இழுத்தார். அரம் கடித்தது. அடிப்பக்கம் இழுத்தார். வழுக்கிற்று. "அங்க இரும்பாப் போச்சு, இங்க இன்னும் எஃகு இருக்குது. தோய்ச்சலை எறக்கிட்டானுங்க அம்மிணி" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தோய்ச்சல் என்றால் எஃகைக் காய்ச்சி முக்கி உரம் ஏற்றுவது. அலகை அடித்து முடித்ததும் செக்கச் சிவக்க, 800 டிகிரி அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அப்போது அது கண்ணாடி மாதிரி. கீழே போட்டால் உடையும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி, 200 டிகிரியைத் தாண்டி மேலே வைக்கோல் நிறம் ஓடுகிற நேரத்தில் நிறுத்த வேண்டும். அதுதான் கத்தி வாய்க்குப் பதம். நீலம் ஓடினால் 300 டிகிரியைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். அதே கத்தியின் முதுகு வில்லுக்கு நீலம்தான் சரி, அது வளைந்து கொடுக்க வேண்டும். வாய்க்கு நீலம் ஆகாது. மோட்டார் கல் தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது, காகிதக் கனத்தில் இருக்கிற கூர் நாலைந்து விநாடியில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பல நேரம் நீலம் கண்ணுக்கும் தெரியாது, கல்லே அதைத் தேய்த்துப் போட்டுவிடும். தண்ணீரில் முக்கி முக்கி நிதானமாகப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. தெருவில் முப்பது ரூபாய்க்கு வருகிறவருக்கு அந்த நேரம் கட்டுபடியாகாது, அவ்வளவுதான்.

நொய்யல் கரையில், எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், கொடுமணலில் இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தச் சீமையில் இருந்துகொண்டு, நீலத்தை அழகு என்று மருமகளுக்குக் காட்டினேனே என்று இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுபடி தோய்ச்சல் வைக்க வேண்டுமென்றால் அலகைப் பிடியோடு சேர்த்திருக்கிற ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும், கொம்பு உடைந்து போகும் என்று சொல்லிவிட்டார். பதம் போன விளிம்பை ஒரு நெல்லு அகலத்துக்குக் கையாலேயே தேய்த்துக் கழித்தால் உள்ளே நல்ல எஃகு வரும் என்றார். இரண்டு பொழுது ஆயிற்று எனக்கு. அலகு இப்போது கொஞ்சம் ஒல்லி. ஆனால் பாக்கை இழையாகச் சீவுகிறது.

கையால் தீட்டுவது ஒரு வித்தையே இல்லை. இரும்புக் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பாகக் கார்போரண்டம் கல் கிடைக்கும். ஈரத் துணி மேல் வைத்துக்கொண்டால் நகராது. ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கி அதன் மேல் கத்தி முதுகைச் சாய்த்துப் பாருங்கள், அந்தச் சாய்மானம்தான் வேண்டும். கை பழகினதும் காசை எடுத்துவிடலாம். கல்லை மெல்லிசாகச் சீவி எடுக்கிற மாதிரி, கூர் முன்னால் போகும்படி தள்ள வேண்டும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்து விளிம்பில் மயிரிழைக்கு ஒரு பிசிறு எழும்பும். பெருவிரலைக் குறுக்கே தடவினால் தட்டுப்படும். நெடுக்கே தடவாதீர்கள், விரல் போய்விடும். பிசிறு அடியிலிருந்து நுனி வரைக்கும் வந்தபிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றுகிறவர்களுக்குத்தான் எத்தனை தேய்த்தாலும் பதம் ஏறாது. கடைசியில் வழவழப்புப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னால் போக நாலு இழுப்பு. எங்கள் பக்கத்து மரமேறிகள் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவித் தீட்டுக்கட்டையில் பாளைக்கத்தி தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் தேய்த்தாலும் ஒரு வேளைக்குத் தாங்கும்.

எண்ணெய் விசயத்தில் உங்கள் கட்டுரை நல்லெண்ணெய் என்று சொன்னது. நாள்பட நாள்பட அது பிசினாகி ஆணியில் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைந்துவிடும். மடங்குகிற இடத்துக்குத் தையல் மிசின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, பத்துத் தடவை திறந்து மூடி, வெளியே வருகிற கறுப்பைத் துடைத்துவிட வேண்டும். அலகுக்கு விளக்கெண்ணெய் தொட்ட துணி போதும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் அலகு சாம்பல் நிறமாக மாறும். அது துரு இல்லை. தேய்த்து வெளுக்க வேண்டாம், அந்தச் சாம்பல் பூத்த அலகில் துரு சீக்கிரம் ஏறாது. செம்பட்டையாக வருவதுதான் துரு. அதற்கு விபூதியும் எண்ணெயும் குழைத்து வேப்பங்குச்சியால் தேய்த்தாலே போய்விடும்.

என் கத்தியில் தேய்த்தும் போகாத வடு ஒன்று உண்டு. அலகின் நடுவில் வட்டமாக, கால் அங்குலத்துக்கு, சின்னச் சின்னக் குழியாக. ஒரு ஆயுத பூசைக்கு வைத்த ஈரச் சந்தனப் பொட்டு. சாமி கும்பிட்டு அப்படியே ஒரு வாரம் விட்டுவிட்டேன். பொட்டு வைத்த இடத்தில் பொட்டு மாதிரியே துரு தின்றிருக்கிறது. இப்போதெல்லாம் பித்தளைப் பூணில்தான் பொட்டு.

பிடியையும் கவனிக்க வேண்டும். மாமனார் போனபிறகு இரண்டு வருசம் இதைப் பீரோவில் துணிக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் கொம்பில் ஊசி குத்தின மாதிரி நாலு ஓட்டை. பட்டுப்புடவையை அரிக்கிற பூச்சிக்குக் கொம்பும் தீனிதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்துதான் இது சுருக்குப் பைக்கு வந்தது.

மகன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறான். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் அவனுக்கு ஓபினல் கத்தி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அங்கே சவாய் மலைப் பக்கத்தில் 1890 முதல் செய்கிறார்களாம். பீச் மரப் பிடி, கழுத்தில் திருகுகிற வளையம். அலகு திறந்தபிறகு வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 1955-ல் வந்த ஏற்பாடு அது. நம் கத்திக்கு இல்லாத நல்ல சங்கதி என்று ஒத்துக்கொள்கிறேன். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதி அலகு வெளியே வரமாட்டேன் என்றது. அதற்கும் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது என்று மகன் காட்டினான்: பிடியின் வால்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு, அலகு தலையை நீட்டும். எந்த ஊராக இருந்தாலும் கத்தி வைத்திருக்கிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும் போல.

கடைசியாக, மடக்குக் கத்தி வைத்திருப்பதே குற்றம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தது. 1959-ம் வருசத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில் கத்திக்குச் சொல்லியிருக்கும் அளவு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை அதிலேயே விலக்கியிருக்கிறார்கள். என்னுடையது மூன்று அங்குலம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், அது நியாயம். ஒரு பெரிய கடை வாசலில் காவலுக்கு நின்ற பையன், "ஆத்தா, இது எதுக்குங்க?" என்று கேட்டான். பாக்கு வெட்ட என்றேன். வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது மடக்கியே கொடுத்தான். யாரோ சொல்லிக் கொடுத்து வளர்த்த பையன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒரு வாசகி,
காங்கேயம் வட்டம்.

பின்குறிப்பு: கட்டுரைக்குப் போட்ட படத்தில் கத்தியை மடக்குகிறவரின் நாலு விரலும் அலகு வந்து விழுகிற பள்ளத்தின் மேலேயே இருக்கின்றன. இந்த ஜாதிக் கத்திக்குப் பூட்டுக் கிடையாது. வில்லு விட்டதும் அலகு நேரே அங்கேதான் வரும். பிடியை இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் உள்ளங்கையால் முதுகைத் தள்ளி மடக்கச் சொல்லி மறுபடி ஒரு படம் எடுங்கள். அந்தக் கைக்காரர் விரல் நன்றாக இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.