அக்காவின் பிரஷரும் அந்தக் காய்ச்சலும்

ஆக்ஸ்போர்டு,
அக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 26 வாரம் ஆகிறது. இரவில்தான் அதிகமாக உதைக்கிறது. உங்கள் மாப்பிள்ளையும் நலம். ஆகஸ்டில் எனக்குக் கொரோனா வந்து போனதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னதும், “அக்காவுக்குப் பேறுகாலத்தில் பிரஷர் ஏறியதும் அப்போது வந்த அந்தக் காய்ச்சலால்தானோ?” என்று கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் அக்கா இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

இங்கே கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் மருத்துவச்சிகளே பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகளைப் போலக் கைப்பழக்கத்தால் வந்தவர்கள் அல்லர். அதற்கென்றே பட்டப்படிப்பு படித்தவர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்து, பிரஷரையும் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே, “உங்கள் அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் வந்ததுண்டா?” என்று கேட்டார்கள். அக்காவைப் பற்றிச் சொன்னேன். முதல் கர்ப்பம், அக்காவுக்கு வந்திருந்தது என்ற இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 12ஆம் வாரத்திலிருந்து தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தார்கள். அக்கா பட்ட பாடுதான் எனக்குக் காவலாக வந்திருக்கிறது அம்மா. அந்த மாத்திரையை எடுக்கும் ஒவ்வொரு இரவும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு வந்ததை மருத்துவர்கள் ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். நம் பக்கத்தில் வலிப்போடு வரும் பிரசவ ஜன்னி என்று அஞ்சுவார்களே, அதற்கு முந்திய நிலை அது. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90க்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போகும், அல்லது ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அதற்கும் கொரோனாவுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வை நடத்தியது நான் தினமும் பேருந்தில் கடந்துபோகும் இதே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம்தான். 2020இல் 18 நாடுகளில் 43 மருத்துவமனைகளில் 2,130 கர்ப்பிணிகளைக் கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று வந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக இருந்தது. உடல் பருமன், சர்க்கரை போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்து ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் விவரங்களைப் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதையே கண்டார்கள்.

காரணத்தை முழுவதும் யாரும் நிறுவிவிடவில்லை. ஆனால் எனக்கு நம்பத்தக்கதாகப் படும் விளக்கம் ஒன்று உண்டு. இந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற புரதம் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளைச் சிதைத்து அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. வைரஸ் அதைக் குறைத்துவிட்டால் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏற இடமுண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவால் மிகவும் நலிந்த சில கர்ப்பிணிகளிடம் இதே அறிகுறிகள் தோன்றினாலும் அவர்களின் நஞ்சுக்கொடி நன்றாகவே வேலை செய்தது என்றும், அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் தணிந்ததும் பிரசவம் ஆகாமலே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் பார்சிலோனா மருத்துவர்கள் 2020இல் எழுதினார்கள். ஆகவே அக்காவுக்கு வந்தது எது என்று இத்தனை ஆண்டுகள் கழித்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

எல்லா வைரஸையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. 2008இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது எச்.ஐ.வி.க்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. சிறுநீர்த் தொற்றுக்கும் பல் ஈறு நோய்க்கும்தான் தெரிந்தது.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் வேறு, அம்மா. 2021இல் ஏழாம் மாதத்தில் அக்காவுக்குக் கொரோனா வந்து, எட்டாம் மாதத்திலேயே அறுவை செய்து குழந்தையை எடுத்தபோது, “ஊறுகாயும் அப்பளமுமாய்த் தின்றாள், உப்பு ஏறிவிட்டது” என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். இந்த நோயைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகள் உப்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவள் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்களும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தையிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டிலேயே கருவி வைத்து வாரம் இருமுறை பார்க்கிறேன், நேற்று 112/70. கடுமையான தலைவலி, கண் முன்னால் மின்னுவது, விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் நேரம் காலம் பாராமல் அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேலை உங்களுக்கு. இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நம் தெருவுக்கு வரும் பெண்ணிடம், அப்பாவுக்குப் பார்க்கும்போது அக்காவுக்கும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்ன மகள்