கொட்டையைக் கடிக்காதே

அம்பாசமுத்திரம்,
ஆவணி 14

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒரு சொல்லும் இல்லாமல் வந்த உன் படத்தை அம்மா பலமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் பார்த்தது கிளையைப் பிடித்திருந்த உன் கையை, மெலிந்துவிட்டதாம். நான் செடியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நண்பகலில் எடுத்த படம் என்பதையும் பார்த்தேன்.

விளிம்பில் நுண்ணிய பற்கள் உள்ள இலை, இலைக்காம்பின் மேல்முனையில் இரண்டு சிறு சுரப்பிகள், கொத்தாகத் தொங்கும் கருஞ்சிவப்புப் பழம்: 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட புரூனஸ் விர்ஜினியானா அது. சோக்செரி என்பார்கள், தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பால் வந்த பெயர். களாப்பழம் போலத் தோன்றினாலும் உறவில்லை. பால் வடியும் நம் களா அரளிக் குடும்பம்; முள்ளில்லாத இது ரோஜாக் குடும்பம். ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் நிலத்தடித் தண்டிலிருந்து கன்றுகளை விட்டு ஒரே செடி பெரும் புதராகிவிடும். விதையோ, நீண்ட குளிரில் ஈரமண்ணுக்குள் கிடந்த பிறகுதான் முளைக்கும். கனடாவில் நீ இருக்கும் சஸ்காட்டூன் நகரத்துப் பனி அதற்கு ஏற்றதே.

நன்கு கருத்த பழத்தின் சதையைத் தின்னலாம். கொட்டையைக் கடிக்காதே. கொட்டையும் இலையும் நசுங்கினால் சயனைடு நஞ்சு வெளிப்படும். இளஞ்சோளத்தை மேய்ந்து மேலவீட்டுப் பசு விழுந்ததே, அதே நஞ்சுதான். பேத்தி கையில் எட்டாமல் பார்த்துக்கொள். நீயும் கொட்டையைத் துப்பிவிடு.

பத்தாம் வகுப்பில் நீ செடிகளை உலர்த்தி ஒட்டிய ஏட்டை இன்றும் வருகிறவர்களிடம் காட்டுகிறேன். அத்தனை செடிக்கும் பெயர் எழுதியவனுக்குப் படத்தோடு ஒரு வரி எழுத முடியவில்லையா?

களா என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று, வாய்க்கால்கரைக் களாப்புதருக்குள் நீ உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். நீயாக வெளியே வரட்டும் என்று, இருமுறை அவ்வழியே நடந்தும் கூப்பிடாமல் போனேன். இருட்டிய பிறகு அம்மாதான் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு உன்னை அழைத்துவந்தாள். ஊரெல்லாம் தேடியதாக உன்னிடம் பொய் சொன்னேன். அது என் தவறு, ஐயா. இத்தனை ஆண்டும் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு.

ஞாயிறு காலை நானே கூப்பிடுகிறேன். நீ எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன்.

அப்பா